ஒரு 'ரொம்ப'வுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்

தமிழில் ரொம்ப என்ற ஒரு சொல்லைக் கொண்டே களைப்பு, அழகு, கனம், தூரம் என எதையும் அழுத்திச் சொல்லிவிடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது எல்லாப் பெயரடைகளுக்கு முன்னும் 'வெரி' என்ற வினையடையை வைத்துவிடுகிறோம். பல இடங்களில் அது பொருந்துவதில்லை. 'டயர்ட்' என்பது கூடவோ குறையவோ செய்யும் களைப்பு என்பதால் 'வெரி டயர்ட்' சரி. ஆனால் 'எக்ஸாஸ்டட்' என்ற சொல்லிலேயே களைப்பின் எல்லை அடங்கியிருப்பதால், அதற்கு முன் 'ஆப்சலூட்லி' அல்லது 'கம்ப்ளீட்லி' வருவதே இயல்பு.

நம்மில் பலரும் தடுமாறும் இடம் 'டூ' என்ற சொல். பெட்டி ரொம்பக் கனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு 'தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி' என்று எழுதினால், அளவு மீறிய கனம், தூக்க முடியாது என்ற பொருள் வந்துவிடுகிறது. கனத்தை மட்டும் சொல்ல 'வெரி ஹெவி' போதும்.

'குவைட்' இன்னும் நுட்பமானது. உடன் பணிபுரிந்த ஆங்கிலேயர் ஒருவரின் அறிக்கையை மனமாரப் பாராட்டுவதாக எண்ணி, 'குவைட் குட்' என்று ஒருமுறை எழுதினேன். எங்கே குறை என்று கேட்டுப் பதில் வந்தது. பிரிட்டிஷ் வழக்கில் 'குட்' போன்ற சொல்லுக்கு முன் வரும் 'குவைட்' பெரும்பாலும் பரவாயில்லை என்ற அளவிலேயே நின்றுவிடும் என்பதையும், அதே சொல் 'இம்பாசிபிள்' என்பதற்கு முன் வந்தால் முற்றிலும் என்று பொருள்படும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

சில சொற்களுக்கு வழக்கமான துணைச்சொற்களும் உண்டு. கடுங்குளிர் 'பிட்டர்லி கோல்ட்'. நடக்க வாய்ப்பு மிகவும் குறைவானது 'ஹைலி அன்லைக்லி'. இவற்றுக்கு விதி தேடுவதைவிட, படிக்கும்போது இணையாகவே மனத்தில் பதித்துக்கொள்வது மேல்.

சொல்லைப் போலவே அதன் இடமும் முக்கியம். இதை எனக்குத் தெளிவாக உணர்த்தியவை இரண்டு வாக்கியங்கள். 'ஐ ரியலி டோன்ட் நோ' என்றால் சத்தியமாக எனக்குத் தெரியாது. 'ரியலி'யை ஒரு சொல் தள்ளி 'ஐ டோன்ட் ரியலி நோ' என்றாலோ, எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அழுத்தம் தளர்ந்துவிடுகிறது.