சவுத்எண்டில் கடலைக் காணோம்

லண்டனுக்கு வந்த முதல் கோடையில் பிள்ளைகளைச் சவுத்எண்ட் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். போய் இறங்கினால் கடலைக் காணோம். ஒரு மைல் தூரத்துக்கு வெறும் சேறு, படகுகள் சரிந்து கிடந்தன. வற்று நேரத்தில் அங்கே அப்படித்தானாம். அதற்காகவே 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கடலுக்குள் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்த ரயில் நிலையத்துக்கு ஓடினேன். பாதி வழியில் ஐஸ்கிரீம் விழுந்தது. சின்னவள் அதற்கு மட்டும் அழுதாள்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் காரைதீவு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, ஞாயிறு. முதல் அலை திரும்பிப் போனதும் கடல் இப்படித்தான் அடி தெரிய உள்வாங்கிக் கிடந்தது. தம்பி அதைப் பார்க்கப் போனான். அம்பாறைக் கரையில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். வீட்டுக்கு வீடு சாவு என்பதால் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரிடம், தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாக, "ஒரே யோசனை, நித்திரை இல்லை" என்றேன். நம்மூரில் யோசனை என்றால் நெஞ்சை அரிப்பது. அந்தப் பக்கம் அது வெறும் சிந்தனையாகப் போயிருக்க வேண்டும். "எதைப் பற்றிச் சிந்திக்கிறீர்கள்?" என்று டாக்டர் சிரித்த முகத்தோடு கேட்டார். நித்திரை பற்றிய துண்டுப் பிரசுரத்தோடு வீடு வந்தேன்.

கோயிலில் பழக்கமான ஓர் அக்கா சொல்லித்தான் தெரியும்: இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் பேச்சு சிகிச்சைக்கு டாக்டர் கடிதம் இல்லாமல் நாமே பதியலாம், மொழிபெயர்ப்பாளருக்குக் காசில்லை. இந்த முறை வந்த மொழிபெயர்ப்பாளர் மட்டக்களப்புக்காரி. கதை ஊருக்குப் போய்விடுமோ என்று முதலில் பயம்தான். இங்கே பேசுவது வெளியே போகாது, அது அவருடைய வேலையின் விதி என்று சிகிச்சையாளர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். 'யோசனை'க்கு அந்தப் பெண் இரண்டு மூன்று நிமிடம் விளக்கம் சொன்னார்!

அன்று நடந்ததை இப்போது நடக்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். நாலு கிழமை தம்பி வாசலைத் தாண்டும் இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்புறம் ஒருநாள் சிகிச்சையாளர் தாளை இரண்டாக மடித்துத் தந்தார்: அந்தக் கடல், இந்தக் கடல். அங்கே தென்னை முறிகிற சத்தம். இங்கே சிப்ஸ் எண்ணெய் மணம், குளிர். கடைசியாக எழுதியது: இந்தக் கடல் திரும்பி வரும் நேரத்தை முன்கூட்டியே அச்சடித்து விற்கிறார்கள்.

மாமி ஊரில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு எனக்காக நேர்த்தி வைத்தார். அதுவும் வேண்டியதுதான். ஆனால் நித்திரை வந்தது அந்தத் தாளுக்குப் பிறகு.

அடுத்த வைகாசியில் மறுபடி சவுத்எண்ட் போனேன். சேற்றை வாட்ஸ்அப்பில் மாமிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மறுகா தண்ணி வருமா மகள்?"

"வரும் மாமி. 4.20க்கு."

"அதுவரைக்கும் போனை வெக்காத."