கல் அக்கரையில், காசு இக்கரையில்

கெடு மாலை 5 மணி. என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது 4.52க்கு. படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், சிங்கப்பூரில் கரிமச் சேமிப்பு ஆய்வுக்கு மானியம் கேட்கப்போகும் அடுத்த ஆளாவது தப்பிக்கட்டும்.

பணத்துக்குப் பஞ்சமில்லை. 2021இல் குறைந்த கரிம எரிசக்தி ஆய்வுத் திட்டத்தில் ஹைட்ரஜனுக்கும் கரிமப் பிடிப்புக்குமாக 12 ஆய்வுகளுக்கு 55 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். கரியமில வாயுவைப் பிடித்து வேறு பொருளாக மாற்றுகிறேன் என்று எழுதுகிறவர்களுக்கு என் தொல்லை வராது. நான் எழுதியது நிலத்தடிச் சேமிப்பு, அதாவது அந்த வாயுவை ஆழத்துப் பாறையின் நுண்துளைகளுக்குள் செலுத்தித் தங்கவைப்பது. இந்தத் தீவின் அடியில் அதற்குத் தோதான பாறை கிடையாது. 2024இல் இந்தோனேசியாவுடன் எல்லை தாண்டிய சேமிப்புக்கு விருப்பக் கடிதம் போட்டதே அதனால்தான். ஆக, எனக்கு வேண்டிய மணற்கல் வெளிநாட்டில். மானியப் பணமோ வெளிநாட்டு ஆய்வுக்குப் போகக் கூடாது.

எங்கள் ஆய்வு அலுவலகத்து அக்கா பட்ஜெட்டைப் பார்த்ததும், "தம்பி, இது ஓவர்சீஸ் செலவு. எடுத்துடுங்க" என்றார். கல்லை இங்கே கொண்டுவந்து, எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் வாயுவை அழுத்தி உள்ளே செலுத்தப்போகிறோம் என்றேன். "உள்ளூர்ல கல்லே கிடைக்காதா?" புக்கிட் தீமாவில் கருங்கல் இருக்கிறது, ஆனால் வாயு தங்குவதற்கு அதில் துளை வேண்டுமே என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

மூன்று நாள் போனது. வழி கடைசியில் சப்பென்று இருந்தது: உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம், கப்பல் கூலியும் சேர்த்து, இங்கே கொண்டுவந்து தரும் விலைக்கு ஒரே கொட்டேஷன். இதரச் செலவுப் பத்தியில் போட்டேன், பேச்சில்லாமல் தாண்டியது. முதலிலேயே இப்படி வாங்குங்கள்.

அடுத்தது பங்காளி நிறுவனத்தின் ஆதரவுக் கடிதம். மேலாளர் கையெழுத்துப் போட்டது செல்லாதாம், இயக்குநர் போட வேண்டுமாம். அவர் இருப்பது ஜூரோங் தீவில், பாஸ் இல்லாமல் உள்ளே விடாத தொழிற்சாலைத் தீவு அது. டாக்சியில் போனால், சோதனைச்சாவடியில் என் பெயருக்கு பாஸ் இல்லை. நிறுவனத்தில் யாரோ என் அடையாள எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் மின்னஞ்சலிலேயே கடிதம் வந்தது. போகாமலேயே கேட்டிருக்கலாம், என் தப்பும்தான்.

"சிங்கப்பூருக்கு என்ன பயன்" என்ற பகுதியை அலட்சியமாக எழுதாதீர்கள். நான் கரிம வரியில் தொடங்கினேன்: ஆலைகள் வெளியேற்றும் வாயுவுக்கு 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45. உள் மதிப்பீட்டில் யாரும் கைவைக்காத ஒரே பகுதி அதுதான்.

மற்ற தாள்களெல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. ஆனால் போர்ட்டலில் நீங்கள் 'சமர்ப்பி' அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் நிறுவனம் உள்ளே போய் ஒப்புதல் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். கடைசி நாள் ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார். அக்காவே கதவைத் தட்டி அவரை வெளியே கூட்டி வந்தார். கல் விஷயத்தில் வந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கொட்டேஷன் 60 நாள்தான் செல்லும்.