முடிவு தெரியாதவர்களின் வரலாறு

ஒரு நாட்டின் கதையைச் சொல்லும் தடித்தடியான வரலாற்று நூல்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் பாதியில் மூடி வைத்தவையும் நிறைய. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லாம் எப்படி முடிந்தது என்பது எழுதியவருக்குத் தெரியும், அந்தத் தெளிவிலேயே முதல் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு போகிறார். 1947ல் சுதந்திரம், 1950ல் குடியரசு, 1951ல் ஐந்தாண்டுத் திட்டம் என்று எல்லாமே நடந்தே தீரவேண்டியவை மாதிரி வரிசையில் வந்து நிற்கும்.

பிரிவினையையே பாருங்கள். இந்திய-பாகிஸ்தான் எல்லையை வகுக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் அதற்குமுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, ஐந்து வாரத்தில் கோடு போட்டார் என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோடு வெளியானது ஆகஸ்ட் 17 அன்று, அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அதுவரை வங்காளத்தில் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் பறந்தன, அப்புறம் இரண்டும் மாறின. தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே உறுதியாகத் தெரியாமல் சுதந்திர தினம் கொண்டாடியவர்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதினாலும் போதும், நான் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டேன்.

தேதியும் எண்ணும்தான் அலுப்பு என்பார்கள், அதை நான் ஏற்கமாட்டேன். 1951-52 பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல் என்ற எண்ணைக் கண் சும்மா தாண்டிப் போய்விடும், சரி. ஆனால் வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டுமே பதிந்தார்கள், தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை, சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்று படிக்கும்போது அந்த எண் விடாது. அவர் செய்தது நியாயமா? பெண்ணுக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்றதும் சரி, அதற்காக அந்தத் தேர்தலில் அவள் வாக்கே போனதும் கொடுமை. நல்ல வரலாற்றாசிரியர் இந்த இடத்தில் தீர்ப்பை அவசரமாகச் சொல்லிவிடாமல் நம்மைக் கொஞ்ச நேரம் தவிக்க விடுவார்.

தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டுப் போராடிய பொட்டி ஸ்ரீராமுலுவுக்குப் பல நூல்களில் கிடைப்பது ஒரு வாக்கியம்: உண்ணாவிரதத்தில் இறந்தார், ஆந்திரம் பிறந்தது. அவர் இதே சென்னையில் 50 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். அந்த நாட்களில் முதல்வர் ராஜாஜியும் டெல்லியில் நேருவும் எதை நம்பிக் காத்திருந்தார்கள், எந்தக் கட்டத்தில் காரியம் கைமீறியது என்று நாள்நாளாகச் சொல்லும் ஒரு அத்தியாயத்துக்காக எத்தனை தடித்த புத்தகத்தையும் வாங்குவேன்.