பக்கத்து இருக்கைக்கு வராத கடிதம்

இன்று மாலை மகளின் பள்ளிப்பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தில், மீத்திறன் மாணவர்களை, அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன் கொண்டவர்களைக் கண்டறியும் தேர்வுக்கு வகுப்பாசிரியர் அவளைப் பரிந்துரைத்திருப்பதாக எழுதியிருந்தது.

படித்துக் காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, பக்கத்து இருக்கைத் தோழிக்கும் கடிதம் வந்ததா என்பதுதான்.

வரவில்லை.

என் மகள் திணறும் கணக்குகளுக்கு மனத்திலேயே விடை கண்டு, அது எப்படி வந்தது என்று பொறுமையாக விளக்கவும் தெரிந்த கறுப்பினச் சிறுமி அந்தத் தோழி. இருவருமே வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பவர்கள். அதை என் மகளிடம் 'ஆர்வம்' என்று பாராட்டிய அதே ஆசிரியர், தோழியிடம் 'அடங்காமை' என்று குறிப்பிட்டதை அவளுடைய தாய் சென்ற மாதம் என்னிடம் சொல்லி வருந்தினார்.

இந்தியக் குழந்தை என்றால் கணக்கில் கெட்டிக்காரி என்ற முன்முடிவு எங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் மாவட்டத்தில் 2005ஆம் ஆண்டு, யாருடைய பரிந்துரைக்கும் காத்திராமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொற்களைச் சாராத திறனறி தேர்வு ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் ஆராய்ந்தபோது, மீத்திறனுடையோராக அடையாளம் காணப்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 80 சதவீதமும், ஸ்பானிய மொழி மரபில் வந்த ஹிஸ்பானியக் குழந்தைகளின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்திருந்தன. அத்தகைய பிள்ளைகள் முன்பும் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

பின்னர் நிதி நெருக்கடியில் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. உயர்ந்த விகிதமும் இறங்கிவிட்டது.

கடிதத்தின் பின்பக்கத்தில், பெற்றோரும் விண்ணப்பிக்கலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படமெடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பியிருக்கிறேன்.