சுவரில் நிற்கும் ஸ்கோர்: கென்டக்கியில் ஒரு கால்பந்து ஊர்

கென்டக்கி மாநிலத்தின் டான்வில் ஊரில் சென்டர் காலேஜ் என்று ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் சுவரில் வெள்ளை பெயின்டில் 'சி6எச்0' என்று எழுதியிருக்கிறார்கள். ஆறும் பூஜ்யமும் கொஞ்சம் கீழே இறங்கி, வேதியியல் சூத்திரம் போலவே இருக்கும். உண்மையில் அது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு மேட்சின் முடிவு. சென்டர் 6, ஹார்வர்ட் 0. நடந்தது 1921 அக்டோபர் 29, சனிக்கிழமை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றால் எனக்கு உயிர். யாருமே எதிர்பார்க்காமல் சின்ன டீம் பெரிய டீமைச் சாய்க்கும் மேட்சுகள் என்றால் இன்னும் ஒரு படி மேலே. அந்தக் கதைகளை எல்லாம் தேடிப்போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் டான்வில்தான். இலையுதிர் காலத்தில், சென்டர் டீமுக்கு உள்ளூர் ஆட்டம் இருந்த ஒரு வாரக்கடைசியில், பதினோராம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சின்சினாட்டியில் இருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் லெக்சிங்டன். அதுவரை பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. லெக்சிங்டனைத் தாண்டி 27ஆம் எண் சாலையைப் பிடித்ததும்தான் கென்டக்கி கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. கறுப்புப் பலகை வேலிக்குள் குதிரைப் பண்ணைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுண்ணாம்புக்கல் சுவர்கள், புகையிலை உலர்த்தும் கறுப்பு மரக் கொட்டகைகள். வழியில் கேம்ப் நெல்சன் வருகிறது. உள்நாட்டுப் போரின்போது கென்டக்கியின் கறுப்பினத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வடக்குப் படையில் சேர்ந்து பயிற்சி பெற்ற இடம். இதற்கென்றே தனியாக ஒரு பயணம் போகலாம். அதைத் தாண்டி கென்டக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கு, அப்புறம் ஹெரிங்டன் ஏரிப் பாலம். பாலம் கடந்தால் கொஞ்ச நேரத்தில் டான்வில்.

நேராகச் சுவருக்குத்தான் போனோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் செங்கல்லின் சொரசொரப்பு பெயின்டை மீறித் தெரிகிறது. செங்கல்களுக்கு நடுவே சிமென்ட் கோடு போகும் இடத்தில் எழுத்து லேசாக உள்வாங்கியிருக்கிறது. மகன் நின்று பார்த்துவிட்டு, "பென்சீன்ல ஹைட்ரஜனை எல்லாம் எடுத்துட்டாங்களாப்பா?" என்றான். சரியாகப் பிடித்தான். பென்சீன் சி6எச்6. ஹைட்ரஜனே இல்லாத இந்தச் சூத்திரத்தில் அப்படி ஒரு பொருள் கிடையாது. நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் அன்றைய மாணவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஹார்வர்டுக்கு விஷம் வைத்துவிட்டார்கள், அந்த விஷத்தின் சூத்திரம் சி6எச்0 என்று ஒரு பேராசிரியர் சொன்னதாகவும் கதை உண்டு. வெற்றிச் செய்தி வந்ததும் ஊரில் சுவர், நடைபாதை என்று ஒன்று விடாமல் எழுதித் தீர்த்தார்களாம். மாட்டின் மேல்கூட எழுதினார்கள் என்று டான்வில்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் அன்றைய ஹார்வர்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று ஹார்வர்ட் என்றால் படிப்பு. அன்று கால்பந்திலும் அதுதான் ராஜா. 1920 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் ஓரிகனை 7-6 என்று வென்ற டீம். 1919, 1920 இரண்டு சீசன்களிலும் தோல்வி என்பதே அதற்குத் தெரியாது. சென்டரில் அப்போது மொத்த மாணவர்களே முந்நூறைத் தொடவில்லை.

இந்தச் சின்னக் கல்லூரிக்கு அப்படி ஒரு டீம் எப்படி அமைந்தது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. ராபர்ட் மையர்ஸ், சென்டரில் படித்தவர். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்தார். அங்கே தன்னிடம் ஆடிய பையன்களைத் தன் பழைய கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கனவு. போ மெக்மில்லின், ரெட் வீவர் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். 1917இல் மையர்ஸே சென்டருக்குக் கோச் ஆனார். இந்தப் பையன்களின் திறமைக்குத் தன் பயிற்சி போதாது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சார்லி மோரனை அழைத்துவந்து டீமை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, தான் நிர்வாகப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். மோரன் கோடையில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டங்களில் நடுவர், இலையுதிர் காலத்தில் கால்பந்து கோச். சென்டரின் இந்தக் கதையில் எல்லாரும் மெக்மில்லினைக் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் மையர்ஸுக்கும் அந்தச் சுவரில் பங்கு உண்டு. தான் பெற்று வளர்த்த கனவை அடுத்தவர் கையில் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும்.

1919இல் சென்டர் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் என்று அந்த ஆண்டு தேர்ந்தெடுத்த அகில அமெரிக்க முதல் அணியில் மெக்மில்லினும் வீவரும் இடம்பிடித்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஜெபம் செய்யும் வழக்கம் இருந்ததால் 'பிரேயிங் கர்னல்ஸ்' (ஜெபிக்கும் கர்னல்கள்) என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1920இல் ஹார்வர்டே கூப்பிட்டது. பாதி ஆட்டம்வரை 14-14. பிறகு பெரிய டீமின் பலம் வேலையைக் காட்ட, ஹார்வர்ட் 31-14 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்ட் கேப்டன் ஆர்னால்ட் ஹார்வீன் மரியாதையாக மேட்ச் பந்தை மெக்மில்லினிடம் நீட்டினார். மெக்மில்லின் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு வந்து ஜெயித்தே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

அப்படியே வந்தார்கள். ஹார்வர்ட் ஸ்டேடியத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஹாஃப் டைமில் இரண்டு பக்கமும் பூஜ்யம். மூன்றாவது குவார்ட்டர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 32 யார்டு தூரத்தில் இருந்து மெக்மில்லின் பந்தோடு கிளம்பினார். ஒரு பக்கம் ஓடுவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று திரும்பி வளைந்து, எல்லைக்கோட்டைத் தாண்டினார். டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு அடிக்கும் கிக் உள்ளே போயிருந்தால் 7 ஆகியிருக்கும். போகவில்லை. அதன்பின் ஹார்வர்ட் எவ்வளவோ முட்டி மோதியும் சென்டரின் தடுப்பு அசையவில்லை. 6-0. அந்த ஒரு கிக் தவறியதால்தான் பென்சீனின் ஆறு கார்பன் கிடைத்தது, சூத்திரமும் பொருந்தியது.

இதை எனக்குச் சொன்னது புத்தகம் மட்டும் இல்லை. மதியம் கல்லூரி ஸ்டேடியத்துக்குப் போனோம். ஹார்வர்ட் போன்ற டீம்களோடு மோதிய சென்டர் இன்று மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆடுகிற பையன்கள் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறவர்கள். கேலரியில் எங்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பழைய மாணவராம். சுவரைப் பார்க்க வந்தோம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கையில் இருந்த வேர்க்கடலைத் தோல்களைப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். இது ஹார்வர்ட், இது நம்ம ஆட்கள். ஒரு முழுக் கடலையை எடுத்து மெக்மில்லின் ஆக்கினார். விரலால் அதை வலப்பக்கம் நகர்த்தி, நிறுத்தி, திருப்பி, தோல்களுக்கு நடுவே வளைத்துக்கொண்டுபோய்ப் பெஞ்சின் மூலையில் வைத்தார். "அப்புறம் கிக்கை விட்டுட்டோம், தம்பி" என்று என் மகனிடம் சொன்னபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்த ஆட்டம் நடந்து கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்தவர் அவர். அவருடைய தாத்தா சொல்லி அப்பாவுக்கு, அப்பா சொல்லி அவருக்கு. வீடுகளில் வானொலி இல்லாத காலம். ஊரே கூடி நின்று தந்தியில் வரும் செய்திக்காகக் காத்திருந்ததை, தானே அந்தக் கூட்டத்தில் நின்றதுபோலச் சொன்னார். ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் நடுவே யாரும் பேசவில்லையாம். அடுத்த சில நிமிடங்களில் மகன் அவரிடம் கடலையை வாங்கி, அந்த ஓட்டத்தைத் தானே நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கேதான் எனக்கு 2007 செப்டம்பர் 1 ஞாபகம் வந்தது. நம் காலத்தின் பெரிய அதிர்ச்சி அது. வட கரோலினாவின் பூன் ஊரில் உள்ள, அப்போது ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழக டீம், தேசியப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில், லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால் 34-32 என்று வீழ்த்தியது. கடைசி நொடிகளில் மிச்சிகன் அடித்த கிக்கை கோரி லிஞ்ச் பாய்ந்து தடுத்தார். பூனில் ரசிகர்கள் தங்கள் மைதானத்துக் கோல் போஸ்ட்டையே பிடுங்கி, தூக்கிக்கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு முற்றத்தில் போட்டார்கள். அந்தத் தடுப்பை நான் வீடியோவில் பார்த்ததற்குக் கணக்கே இல்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே அதை நான் யாருக்கும் சொல்லிக்காட்டியதில்லை. லிங்க் அனுப்புவேன், அவ்வளவுதான். டான்வில்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. சொன்னால்தான் உண்டு. அதனால்தான் அவர்கள் கதையில் தந்திக்குக் காத்திருந்த நிமிடங்களும், தவறிய கிக்கின் வருத்தமும் இன்னும் சூடாக இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அப்பலாச்சியன் அந்த வெற்றிக்குப் பிறகு வளர்ந்து, 2014இல் மேல் பிரிவுக்கே போய்விட்டது. சென்டருக்கு 1921தான் உச்சி. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் 24-10 என்று பதிலடி கொடுத்தது. போகப்போகப் பெரிய டீம்கள் எங்கோ போய்விட்டன, சென்டர் படிப்பைப் பிடித்துக்கொண்டு சின்னதாகவே இருந்துவிட்டது. இருந்தும் 1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், அரை நூற்றாண்டின் மிகப்பெரிய விளையாட்டு அதிர்ச்சியாக இந்த ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஆட்டத்தின் நடுவே 'செத்த ஃப்ரெட்' வந்து சேர்ந்தார். ஃப்ரெட் வின்சன், சென்டரில் படித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர், கல்லூரி டீமின் தீவிர ரசிகர். 1953இல் அவர் இறந்த பிறகு, அவர் இருந்த ஃபை டெல்டா தீட்டா மாணவர் சங்கத்துப் பையன்கள் அவருடைய சட்டம் போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறார்கள். இங்கே இதை யாரும் விளையாட்டாகச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் நகர்ந்து இடம் விட்டது, படத்தை முகம் மைதானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். பெரியவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார்.

தோற்றவர்களும் இந்த டீமை மறக்கவில்லை, ஜெயித்தவர்களும் மறக்கவில்லை. ஹார்வர்டை வென்ற இரண்டே மாதத்தில், 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் சென்டர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் டீமோடு மோதியது. அன்று காலைதான் மெக்மில்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அப்படியே வந்து ஆடினார். எதிரணியில் பலர் காயப்பட்டுப்போக, கேலரியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டு உடை மாற்றித் தயாராக நிற்கவைத்தார்கள். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது, கில் கடைசிவரை களமிறங்கவே இல்லை. ஆனால் அவர் நின்றார் என்பதற்காக, இன்றும் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் டீமின் ஆட்டம் முழுவதையும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். களத்தில் ஆடும் பதினொரு பேருக்கு அடுத்து, அவர்களுக்குப் பன்னிரண்டாவது ஆள் என்று பெயர்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் சீசன். ஃப்ரெட்டைப் பார்க்க வேண்டுமானால் உள்ளூர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். காலையில் மெக்டவல் வீட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1809இல் மயக்க மருந்து எதுவும் இல்லாமல் எஃப்ரெய்ம் மெக்டவல் ஒரு பெண்ணின் சூலகக் கட்டியை அறுத்து எடுத்த வீடு. ஜேன் டாட் கிராஃபர்ட் என்ற அந்த அம்மா அதற்காக அறுபது மைல் குதிரையில் வந்தார், அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தார். பக்கத்தில் உள்நாட்டுப் போரின் பெரிவில் போர்க்களமும் இருக்கிறது. 1862 சண்டையில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து போட்ட இடங்களில் சென்டரின் பழைய வெள்ளைத் தூண் கட்டிடமும் ஒன்று. அதைப் பார்த்துவிட்டு நடந்தே சுவருக்குப் போய்விடலாம்.