பழங்காநத்தத்தில் ஒரு பாய் ரேசர்

ஏ.ஜே.எஸ். 7ஆர் என்று ஒரு பந்தய வண்டி. லண்டனில் பிளம்ஸ்டெட் என்ற இடத்துத் தொழிற்சாலையில் 1948 முதல் 1963 வரை செய்தார்கள். 350 சிசி, ஒற்றை சிலிண்டர், செல்லப்பெயர் 'பாய் ரேசர்'. கறுப்பு டேங்க், அதில் மெல்லிய தங்கக் கோடு. எஞ்சின் மூடிகளும் மங்கிய தங்க நிறத்தில் இருக்கும். அது அலங்காரம் இல்லை. மக்னீசியக் கலவை சீக்கிரம் அரித்துவிடும் என்பதற்காகப் பூசிய காப்புப் பூச்சு.

1961-இல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் மைக் ஹெயில்வுட் என்ற ஆங்கிலேய வீரர் ஒரே வாரத்தில் 125, 250, 500 மூன்று பிரிவிலும் ஜெயித்தார். 350 பிரிவில் அவர் ஓட்டியது 7ஆர். முன்னிலையில் போய்க்கொண்டிருந்த வண்டி, கடைசிச் சுற்றில் கட்ஜன் பின் உடைந்து நின்றுவிட்டது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோக்கிற அந்தச் சின்ன உருளை மட்டும் தாங்கியிருந்தால் நாலு கோப்பை. நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். பெரிய மெஷினைச் சின்ன பின் ஒன்று நிறுத்துவது எனக்குத் தினசரி விஷயம். அதனாலேயோ என்னவோ, அந்தக் கதையைப் படித்ததிலிருந்து இந்த வண்டி மேல் ஒரு கிறுக்கு.

அசலை வாங்குவது நம் சம்பளத்தில் நடக்கிற காரியம் இல்லை. இருந்தது சித்தப்பா ஓட்டிய 1986 புல்லட். அதையே 7ஆர் தோற்றத்துக்கு மாற்றி ஒரு ரெப்ளிக்கா செய்வது என்று இறங்கினேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காலத்து வண்டிகள்தான். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் இங்கிலாந்தில் 1949-இல் விற்பனைக்கு வந்தது. 1955-இல் மெட்ராஸில் கோக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் இங்கேயே முழுதாகச் செய்தார்கள். 7ஆர் 1963-இல் நின்றுவிட்டது, புல்லட் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. 1950-களின் பிற்பகுதி 7ஆருக்குச் சக்கரம் 19 அங்குலம், என் புல்லட்டுக்கும் 19. பக்கவாட்டில் எடுத்த நல்ல போட்டோ ஒன்று கிடைத்தால் போதும், சக்கரத்தை அளவுகோலாக வைத்து டேங்க் நீளம், சீட் உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். அப்படித்தான் போட்டேன். மதுரைப் பழங்காநத்தத்தில் என் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் முழு அளவில் வண்டியை வரைந்து வைத்திருந்தேன். வெள்ளையடிக்கிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது.

ரெப்ளிக்கா என்றாலே பொய் சொல்கிற வேலைதான். எந்த இடத்தில் பொய் சொல்லலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். டேங்க், சீட், பெயிண்ட், ஹேண்டில்பார் பொய்யாக இருக்கலாம். எடையைத் தாங்குகிற ஃபிரேம், பிரேக், முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் பொய்யாக இருக்கக் கூடாது. 7ஆருக்கு எஞ்சினைச் சுற்றி வளைந்து வருகிற இரட்டைக் குழாய் ஃபிரேம். புல்லட்டில் முன்னால் ஒற்றைக் குழாய்தான், கீழே எஞ்சினே ஃபிரேமின் பாகமாக நிற்கும். "வெட்டி ஒட்டிரலாம்ணே" என்று சொன்ன வெல்டிங்கார தம்பிகள் உண்டு. தொட விடவில்லை. சேஸிஸ் நம்பர் அந்த ஃபிரேமில்தான் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே என் வண்டியில் எல்லாமே போல்ட் போட்டு மாட்டியதுதான். கழற்றிய பழைய டேங்க், சீட், மட்கார்டு எல்லாம் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கின்றன. இந்தக் கோலத்தில் வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை.

முதல் சிக்கல் முன்பக்கத்தில். புல்லட்டில் ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும், பேட்டரி மின்சாரத்தின் போக்குவரத்தைக் காட்டுகிற ஆம்ப் மீட்டரும் உட்காருகிற அலுமினிய மண்டை இருக்கிறதே, அது வெறும் மூடி இல்லை. இரண்டு ஃபோர்க் குழாய்களின் தலையையும் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அதை எடுத்தால் ஃபோர்க் தலையில்லாமல் நிற்கும். கே.புதூர் தொழிற்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறையில் கனமான அலுமினியக் கட்டி ஒன்றைக் கடைந்து மேல் பிளேட் செய்தோம். குழாய்த் தலையில் இருப்பது பழைய பிரிட்டிஷ் மரை, இன்றைய மெட்ரிக் டேப் எதுவும் உட்காரவில்லை. டர்னர் அண்ணன் மரை கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமா காலத்து மரைடா" என்று சொல்லி, லேத்தில் கியரை மாற்றி மரையை வெட்டிக் கொடுத்தார். ஆம்ப் மீட்டரை மட்டும் அந்த பிளேட்டின் நடுவில் உட்கார வைத்துவிட்டேன். 7ஆரில் பேட்டரியே கிடையாது, தானே மின்சாரம் செய்து தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோதான். ஆனால் புல்லட்டை ஸ்டார்ட் செய்ய அந்த முள் வேண்டும். ஏன் என்று புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குக் கீழே சொல்கிறேன்.

டேங்குக்குத்தான் அலைச்சல் அதிகம். ஆட்டோ டிங்கர் கடைகளில் இரும்புத் தகட்டில் செய்து தருவதாகச் சொன்னார்கள். எனக்கு அலுமினியத்தில் வேண்டும். அங்கிட்டு இங்கிட்டு விசாரித்ததில் கீழவாசல் பக்கம் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். அண்டா, இட்லிக் கொப்பரைக்கு ஒட்டுப் போடுகிற, நெளிவு எடுக்கிற பட்டறை. பிளைவுட் விலாக்களைக் கோத்து நான் செய்து எடுத்துப் போன அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாத்திரம் தம்பி இது?"

"பெட்ரோல் டேங்க்குங்க ஐயா."

"பெட்ரோலா? சரி. முட்டி இடிக்கிற இடத்துல ஏன் குழி?"

"அந்தக் குழியிலதான் முட்டி உக்காரும்."

அதற்கப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. 16 கேஜ் தகடு. அலுமினியத்தைத் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் வெடித்துவிடும். அதற்கு முன்னால் சூடுகாட்டி இளக்க வேண்டும். இரும்பு சிவந்து காட்டும், அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று உருகி ஒழுகிவிடும். அதனால் தகட்டில் பார் சோப்பால் கோடு போட்டு அடியில் தீ காட்ட வேண்டும், கோடு கறுத்தால் நிறுத்த வேண்டும் என்று படித்திருந்தேன். சோப்பும் கையுமாகத்தான் போனேன். பெரியவர் சிரித்துவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார். சூடான தகட்டில் குச்சியை இழுத்தார். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தபோது பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. "போதும், எடு." அவ்வளவுதான்.

பிறகு மணல் அடைத்த தோல் பை மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்ட ஆரம்பித்தார். அடிக்கிறபோது அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை, வாசலில் போகிறவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். காதுதான் வேலை செய்தது. இளகிய தகடு மொத்து மொத்தென்று சத்தம் கொடுக்கும். இறுக இறுகச் சத்தம் மெலிந்து கணீரென்று ஆகும். கணீர் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி தீ. இடது பக்கத் தகடும் வலது பக்கத் தகடும் அச்சில் படிந்தபோது இடையில் ஒரு நாணயத்தைக்கூடச் செருக முடியவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டினால்தான் துல்லியம் என்று நம்புகிற என் மில் இன்ஜினியர் நண்பரை அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் வெர்னியரை எடுக்கவே இல்லை.

ஒட்டுவது கேஸ் வெல்டிங்கில். அலுமினியத்துக்குப் போடுகிற ஃப்ளக்ஸை வெந்நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். விட்டால் வெள்ளையாகப் பூத்து, ஊசித் துளை போட்டுவிடும். கசிவு பார்க்கப் பஞ்சர் கடைக்குத்தான் போனேன். டேங்கின் வாயில் டியூப் வால்வு பொருத்தி, லேசாகக் காற்று வைத்து, சந்தெல்லாம் சோப்பு நுரை தடவியதில் பின்பக்க ஓரத்தில் இரண்டு இடம் குமிழி விட்டது. அங்கேயே சாக்பீஸில் வட்டம் போட்டு, மறுபடி வெல்டிங்.

சீட்டின் பின்னால் வருகிற மேட்டுக்கு விளாச்சேரி. கொலு பொம்மை செய்யும் ஊர் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணில் உருவம், அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு, அச்சிலிருந்து பொம்மை. ஃபைபர் வேலைக்கும் அதே முறைதானே என்று தோன்றியது. நவராத்திரி முடிந்து கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பொம்மைக்கார அக்கா நான் காட்டிய போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் தொந்தி மாதிரியில்ல இருக்கு" என்றார். எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் விழும் என்று கேட்டார். வண்டிக்கு எல்லாப் பக்கமும்தான் அக்கா என்றேன். அப்படியென்றால் இடது வலது ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நடுவில் நூலைக் கட்டி, ஈரத்துணியால் இழைத்து இழைத்து இரண்டு பக்கத்தையும் கண்ணாலேயே சமன் செய்தார். அச்சுக்கு மெழுகு தடவி ஃபைபர் மேட் ஒட்டுவது மட்டும் என் வேலை. மதுரை வெயிலில் ரெசின் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிட ஹார்டனரைக் குறைத்து, விடிவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். நாற்றத்துக்கு வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. பேட்டரி இப்போது அந்த மேட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

தங்க நிறத்துக்கும் அந்த அக்காதான் வழி சொன்னார். கடையில் வாங்கிய கோல்டு பெயிண்ட் பளபளவென்று நகைக்கடைப் பலகை நிறத்தில் வந்தது. "சாமிக்குப் போடுற தங்கம் வேற தம்பி, இது பழசாத் தெரியணும்ல" என்று சொல்லி, துளி கறுப்பும் துளி பச்சையும் கலந்து ஓட்டில் தடவிக் காட்டினார். போட்டோவில் இருந்த நிறம் ஓட்டில் இருந்தது.

அடுத்தது ஒரு வாக்குவாதம். இன்னும் முடியவில்லை. 7ஆரின் வலது பக்கம் அடியிலிருந்து சிலிண்டர் தலை வரை நெடுக ஒரு மூடி இருக்கும். உள்ளே, வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டைச் சுழற்றும் செயின் ஓடும். அந்த மூடிதான் வண்டிக்கு அடையாளம். புல்லட்டில் அந்தச் செயின் கிடையாது, கீழிருந்து தள்ளி வால்வைத் திறக்கிற கம்பிதான், புஷ்ராடு. வெறும் தகட்டில் அந்த மூடியைச் செய்து மேலே ஒட்டிவிடு, தூரத்திலிருந்து பார்த்தால் அசல் என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். 7ஆரின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 74 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 81. 1956-இல் 75.5-க்கு 78 ஆக்கினார்கள். ஸ்ட்ரோக் குறையக் குறைய வேகமாகச் சுற்றும், கடைசி ஆண்டுகளில் 40 குதிரைசக்தியைத் தாண்டியது. என் புல்லட் 70-க்கு 90, சக்தி 18. நீள ஸ்ட்ரோக், நிதானமாகத் துடிக்கிற எஞ்சின். அதன் மேல் செயின் மூடியை ஒட்டுவது, இல்லாத ஒன்று உள்ளே இருப்பதாகச் சொல்வது. டேங்க் பொய்யாக இருந்தாலும் அதில் பெட்ரோல் நிற்கிறது. காலி மூடிக்குள் என்ன இருக்கும்? புல்லட்டின் சொந்த டைமிங் கவருக்கே தங்கம் பூசிவிட்டேன். விவரம் தெரிந்தவன் ஒரே பார்வையில் புல்லட் என்று சொல்லிவிடுவான். சொல்லட்டும்.

கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளியதில் கியர் லிவரையும் பின்பக்கமாகத் திருப்ப வேண்டியதாயிற்று. என் புல்லட்டில் கியர் வலது காலில், மேலே ஒன்று, கீழே மூன்று. திருப்பியதும் அது கீழே ஒன்று, மேலே மூன்று. கை பழகிவிடும், கால் பழகாது. கிக்கர் வந்து ஃபுட்ரெஸ்டில் இடிக்கும் என்பதால் அந்தப் பக்க ஃபுட்ரெஸ்டை மடங்குகிற மாதிரி செய்தேன்.

வாடிப்பட்டி பக்கம் நண்பரின் ரைஸ் மில்லில் நெல் காயப் போடுகிற சிமெண்ட் களம் பெரிதாக இருக்கிறது. அறுவடை இல்லாத மாதம். குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோனோம். அந்தக் காலத்து மெட்ராஸ் ரேஸ்காரர்களுக்குச் சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடைத்தது, நமக்கு நெல் களம்.

கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, தீப்பொறிக்கான மின் தொடுப்பு, அதாவது பாயின்ட், திறக்கிற இடத்தில் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஷனை அழுத்தி, பிஸ்டன் உச்சியைத் தாண்டுகிற அளவு மட்டும் கிக்கரைத் தள்ளி, டிகம்ப்ரஷனை விட்டு, அப்புறம் முழு உதை. இதற்குத்தான் அந்த முள். புனல் சைலன்சரில் முதல் சத்தம் வந்ததும் மில் வாட்ச்மேன் தாத்தா வெளியே ஓடிவந்து, "பாய்லரு இல்லையே?" என்று கேட்டார்.

களத்தைச் சுற்றி இரண்டாவது, மூன்றாவது கியர் வரைதான் போக முடிந்தது. மூன்றாவதில் முழு த்ராட்டில் கொடுத்தால் தயங்கி இழுக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. திறந்த சைலன்சருக்குப் பெட்ரோல் பத்தவில்லை, பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வர வேண்டும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட் அடுத்தடுத்த பெரிய அளவில் சில சொல்லியிருக்கிறேன், வந்ததும் மாற்றிப் பார்க்க வேண்டும். களத்தில் மறுபடி நெல் கொட்டுவதற்குள் ஜெட் வந்தாக வேண்டும் என்பதுதான் இப்போதைய கவலை. டேங்க் அச்சுக்கு வெட்டிய அட்டை வடிவங்கள் என்னிடம் அப்படியே இருக்கின்றன. மதுரைப் பக்கம் யாராவது இதே கிறுக்கில் இருந்தால் வந்து படி எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் பட்டறைக்கு நானே கூட்டிப் போகிறேன், ஆனால் சோப்பு எடுத்து வர வேண்டாம்.