‘போலீஸ் சர்டிபிகேட் கொண்டு வாங்க’ என்றால் எதை வாங்குவது?

“போலீஸ் சர்டிபிகேட் ஒண்ணு கொண்டு வந்துருங்க.” வேலைக்குச் சேரும்போது ஹெச்ஆர் சொல்வது இவ்வளவுதான். விசா ஏஜெண்ட் சொல்வதும் இதேதான். எந்த அலுவலகம் தர வேண்டிய சர்டிபிகேட் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வேலைக்கோ விசாவுக்கோ போனவர் நெட்டில் தேடி, முதலில் கண்ணில் படுவதற்குப் பணத்தைக் கட்டிவிடுகிறார். ‘இது செல்லாது’ என்று பதில் வரும்போது வேலையில் சேர வேண்டிய தேதி பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்தப் பெயரில் அடிக்கடி குழம்பும் காகிதங்கள் மூன்று. ஒன்று பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்). இரண்டாவது தமிழ்நாடு காவல்துறை தரும் சரிபார்ப்பு அறிக்கை. மூன்றாவது கல்லூரி முதல்வரோ கெஜட்டட் அதிகாரியோ கொடுக்கும் நன்னடத்தைச் சான்று. முதல் இரண்டுக்கும் கட்டணம் 500 ரூபாய் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

எதை வாங்குவது என்பதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, அதை வாங்கிப் பார்க்கப்போகிறவர்தான். அதனால் பணம் கட்டும் முன் அவருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். எந்த அலுவலகம் வழங்கியது வேண்டும், எந்த நாட்டின் பெயர் அல்லது எந்த நிறுவனத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும், எத்தனை மாதம் பழையது வரை ஏற்பார்கள் என்று கேளுங்கள். போனில் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பதில் எழுத்தில் இருந்தால், பிறகு மாற்றிப் பேசினாலும் காட்ட ஒரு கைப்பிடி இருக்கும்.

வெளிநாடு என்றால் யோசிக்கவே வேண்டாம், பாஸ்போர்ட் அலுவலகத்தின் பிசிசிதான். வேலை, குடியேற்றம், நீண்டகால விசா ஆகியவற்றுக்கு இதைத் தருவார்கள். சுற்றுலா விசாவில் போகிறவருக்குத் தர மாட்டார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு நேரில் போக வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பிசிசிக்கு நாள் எடுக்கலாம். பெரிய மையத்தில் தேதி கிடைக்காவிட்டால் இதைப் பாருங்கள்.

அந்தச் சான்றில் என்ன எழுதியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு நின்றுவிடும். இன்னார், இந்தப் பாஸ்போர்ட் எண் உடையவர், இன்ன நாட்டுக்கு விசா உள்ளிட்ட பயண வசதி பெறத் தகுதியில்லாமல் செய்யும்படியான பாதகத் தகவல் ஏதும் இவர் மேல் இல்லை என்பதுதான் அதன் சாரம். நாட்டின் பெயர் அதிலேயே இருக்கும். துபாய்க்கு வாங்கியதைக் கனடாவுக்குக் காட்ட முடியாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் அதிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாக ஒரு வருடத்துக்குள் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பிசிசி போடுங்கள். வரிசையை மாற்றினால் சான்றில் பழைய எண், விசா விண்ணப்பத்தில் புது எண் என்று நின்றுவிடும்.

அடுத்த தொல்லை முகவரி. நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம்: பாஸ்போர்ட்டில் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து விலாசம், குடியிருப்பது பீளமேட்டில் வாடகை வீடு. இப்போது இருக்கும் விலாசத்தை மறைத்து, பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்தையே எழுதிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். விசாரணை அந்த விலாசத்துக்குப் போகும். அங்கே அப்பா அம்மா மட்டும் இருந்து, “பையன் கோயமுத்தூர்ல இருக்கான்” என்று உள்ளதைச் சொன்னால், அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விடும். வழக்கு ஏதும் இல்லாதவருக்கும் கோப்பு நிற்பது பல நேரம் இதனால்தான். இப்போதைய முகவரிக்கு ஆதாரத்தை எடுத்துப் போய் அதையே கொடுங்கள். மையத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட் அசல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலில் உங்கள் கையொப்பம், முகவரி ஆதாரம் ஆகியவை கையில் இருக்கட்டும். பழைய போலீஸ் அறிக்கை சரியாக இருந்து முகவரியும் மாறாமல் இருந்தால் அன்றைக்கே சான்று கிடைத்துவிடுவதும் உண்டு. இல்லாவிட்டால் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். அழைப்பு வரும் எண்ணை அணைத்து வைக்காதீர்கள்.

சான்று கைக்கு வந்தபின் சில நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஆவணம் அசல்தான் என்று ஒரு நாடு போடும் முத்திரையை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளும் ஏற்பதுதான் அப்போஸ்டில். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2005லிருந்து இருக்கிறது. சவுதி 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் வந்தன. அதனால் சில வருடங்களுக்கு முன் போனவர் ‘தூதரக முத்திரைதான் வாங்கினோம்’ என்று சொன்னால் இன்றைக்கும் அதுவே நடைமுறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த முத்திரை வேண்டும் என்பதையும் அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேறு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்திய பிசிசி மட்டும் போதாது. கனடா குடியேற்றத்துக்கு, கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டின் சான்றையும் கேட்பார்கள். ஆஸ்திரேலியா கேட்பது, கடந்த 10 வருடத்தில் மொத்தம் 12 மாதம் தங்கிய நாடுகளின் சான்று. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்னமே அந்த நாட்டுப் போலீஸ் சான்றை வாங்கிக்கொண்டு வருவது நல்லது. சிங்கப்பூர் கைரேகை கேட்கும், ஊருக்கு வந்தபின் அந்த வேலை இழுத்துக்கொண்டே போகும்.

உள்ளூர் தனியார் வேலைக்கு வருவோம். சரவணம்பட்டி ஐடி கம்பெனியோ, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனமோ, பவுண்டரியோ, பள்ளிக்கூடமோ கேட்டால் பெரும்பாலும் வேண்டியது தமிழ்நாடு காவல்துறையின் சரிபார்ப்பு அறிக்கை. காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்து, போட்டோவும் அடையாள ஆவணமும் ஏற்றி, இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டையும் நிரப்ப வேண்டும். தனிநபர் விண்ணப்பித்தால் 500 ரூபாய், தனியார் நிறுவனம் தன் ஆட்களுக்காக விண்ணப்பித்தால் 1000 ரூபாய். அறிக்கையை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள க்யூஆர் குறியீட்டை வைத்து அது உண்மையானதுதானா என்று நிறுவனமே சோதித்துக்கொள்ள முடியும்.

தளத்தில் தனிநபர், வேலை, வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டு வேலையாள் என்று வகைகள் தனித்தனியாக இருக்கின்றன. நிறுவனம் கேட்டது வேலைச் சரிபார்ப்பாக இருக்கும்போது தனிநபர் வகையில் போட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். காவல் நிலைய எல்லையையும் கவனியுங்கள். பீளமேடு கோவை மாநகரக் கமிஷனரின் கீழ், சூலூர் மாவட்ட எஸ்பியின் கீழ். நடுவில் இருக்கும் புது லே-அவுட்களில் பக்கத்து வீட்டாரைக் கேட்டு எழுதாமல், ஸ்டேஷனிலேயே எந்த எல்லை என்று கேட்டு எழுதினால் விண்ணப்பம் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றாது.

இந்த அறிக்கை தமிழ்நாட்டுப் போலீஸ் பதிவுகளைப் பார்த்துத் தருவது. பெங்களூரில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவரைப் பற்றி அது முழுசாகச் சொல்லாது. தெரிந்த நிறுவனங்கள் கர்நாடகப் போலீஸ் சான்றையும் சேர்த்துக் கேட்கும். திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களை வைத்திருக்கும் யூனிட்காரர்களும் ஹாஸ்டல் நடத்துகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். பீகாரிலோ ஒடிசாவிலோ வளர்ந்து போன மாதம் இங்கே வந்தவருக்குத் தமிழ்நாட்டு அறிக்கை சுத்தமாக வருவதில் பெரிய அர்த்தமில்லை, சொந்த ஊர் ஸ்டேஷனின் சரிபார்ப்புதான் வேண்டும். அதை வாங்கும் செலவை அந்த ஆளின் கூலியில் பிடிப்பது நியாயமில்லை. கேட்பது முதலாளி, கட்ட வேண்டியதும் முதலாளிதான். செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு இது சட்டக் கடமையாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி காவலாளியின் நடத்தை, முன்வரலாறு பற்றித் திருப்தி அடைந்த பிறகே வேலைக்கு வைக்க முடியும்.

பெரிய கம்பெனிகள் போலீஸ் அறிக்கை கேட்காமல், பின்னணி சோதிக்கும் ஏஜென்சியிடம் விட்டுவிடுகின்றன. அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று நீதிமன்ற வழக்குப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுவது. கொங்குப் பக்கத்துப் பெயர்களுக்கு இங்கேதான் ஆபத்து. ‘எஸ். சக்திவேல்’, ‘பி. கார்த்திகேயன்’ என்று தேடினால் கோவை, ஈரோடு, திருப்பூர் கோர்ட்டுகளில் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து இனிஷியலை வைத்து வேறொருவரின் வழக்கு உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும். படிவத்தில் இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள். ஆதார், பாஸ்போர்ட், மார்க் சீட் மூன்றிலும் பெயர் வெவ்வேறு மாதிரி இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் மாவட்டத்தைத் தேர்ந்து உங்கள் பெயரை நீங்களே ஒரு முறை தேடிப் பார்ப்பதும் நல்லது. அதே பெயரில் வேறு ஆள் மேல் வழக்கு இருந்தால், அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் அப்பா பெயரும் ஊரும் வேறு என்று காட்ட முன்கூட்டியே தயாராக இருக்கலாம்.

அரசு வேலைக்கு நீங்கள் எந்தப் போலீஸ் சான்றும் காசு கொடுத்து வாங்கிப்போக வேண்டியதில்லை. தேர்வான பிறகு, வேலை தரும் துறையே போலீஸுக்கு எழுதி விசாரித்துக்கொள்ளும். விண்ணப்பத்தோடு கேட்பது நன்னடத்தைச் சான்று மட்டும்தான் என்றால் அதற்குக் கல்லூரியையோ கெஜட்டட் அதிகாரியையோ பாருங்கள். ஆனால் துறை உங்களிடம் நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தில் முழுக் கவனம் வையுங்கள். மத்திய அரசுப் படிவத்தில் கேள்விகள் தனித்தனியாக இருக்கும்: எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணையப் பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, கோர்ட் அபராதம் விதித்ததா, தண்டனை பெற்றீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா. கடந்த 5 வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிய இடங்களையும் கேட்கும். ‘தண்டனை இல்லையே’ என்று எல்லாவற்றுக்கும் இல்லை போட்டுவிடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். விடுதலையான வழக்காக இருந்தாலும் ‘வழக்குத் தொடரப்பட்டதா’ என்ற கேள்விக்குப் பதில் ‘ஆம்’தான்.

காட்டுப் பொழித் (எல்லை வரப்பு) தகராறு, வண்டித்தடத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை இல்லாத ஊர் இங்கே குறைவு. இரண்டு பங்காளிக் குடும்பத்தையும் கூப்பிட்டு, அமைதியாக இருப்போம் என்று பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 107ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 126ஆம் பிரிவு. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பட்டியலில் காலேஜ் படிக்கும் பையன் பெயரும் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன பிணையப் பத்திரக் கேள்வி அவனுக்கானதுதான். குடும்பத்தார் இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அவனுக்கே தெரியாமல் ‘இல்லை’ எழுதினாலும் மறைத்ததாகவே பார்ப்பார்கள்.

ஸ்டேஷனில் கொடுத்த மனுவுக்கு, அதைப் பெற்றுக்கொண்டதாகத் தரும் சிஎஸ்ஆர் ரசீது வழக்கு ஆகாது. எஃப்ஐஆர் போட்டால் வழக்கு. குற்றப்பத்திரிகை போய் கோர்ட் எடுத்துக்கொண்டால் நிலுவை வழக்கு. போலீஸே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (புகாரில் சொன்ன சங்கதி தவறு) என்று முடித்திருந்தால் அந்த நோட்டீஸ் நகல் வேண்டும். விடுதலை என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகல், ஹைகோர்ட் ரத்து செய்திருந்தால் அந்த உத்தரவு. கொரோனா ஊரடங்கு மீறல் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. அதில் பெயர் இருந்தவர்கள், ‘அதான் வாபஸ் ஆயிருச்சே’ என்று விடாமல், தன் வழக்கு எண்ணுக்கு முடிப்பு பதிவாகியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். 18 வயதுக்கு முன் நடந்ததற்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அப்படி இருந்தால் படிவம் நிரப்பும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் வேலை தருபவர் மன்னிக்கலாம். பல வழக்குகள் நிலுவையில் இருக்க, தெரிந்தே மறைத்தால் அந்த மறைப்பே வேலையை ரத்து செய்யப் போதும். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதி இல்லை, ஆனால் அவரிடம் வாதாட இடம் இருக்கிறது.

வழக்கு நிலுவையில் இருந்து பாஸ்போர்ட்டே எடுக்க வேண்டியிருந்தால், 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுக்கலாம். உத்தரவில் எத்தனை வருடத்துக்கு என்று எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள்.